குதிரையும் குதிரைவீரனும் ஒரே சட்டகத்தில்

எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகிய கௌபாய் படங்களுக்கு விளையாட்டுப் பக்கத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். இவற்றை இதுவரை தவறான பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறோம் என்பதே என் வாதம். தமிழ் சினிமா வரலாறு எழுதுவோர் இவற்றைக் கதைக்காக மதிப்பிட்டு, பழிவாங்கும் கதை, துப்பாக்கி, கவர்ச்சி, மலிவுச் சரக்கு என்று நாலு வார்த்தையில் கடந்துபோகிறார்கள். கதையைப் பொறுத்தவரை நானும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இந்தப் படங்களை நிறைத்திருப்பது ஓட்டம், பாய்ச்சல், ஏற்றம், வீழ்ச்சி. உடம்பு செய்யும் வேலைதான் இவற்றின் உள்ளடக்கம். அதை உடம்பின் கணக்கில் அளந்தால், கோடிகள் கொட்டி எடுத்த பல படங்களை விட இவை மேலே நிற்கும். அதற்கு இவற்றின் வறுமையே பாதிக் காரணம்.

கையில் காசில்லாத சினிமா வெளியே போகும். உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் காருக்குள் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரை 1933இல் நியூ ஜெர்சியில் தொடங்கி, 1950களின் இறுதியில் நாலாயிரத்தைத் தாண்டியது. அந்தத் திரைகளின் பசிக்கு ரோஜர் கோர்மன் போன்ற தயாரிப்பாளர்கள் மலிவுப் படங்களைச் செய்து தள்ளினார்கள். அவர் பின்னணியில் இருக்க, இயக்குநர் மொன்டி ஹெல்மன் யூட்டா பாலைவனத்தில் எடுத்த 'தி ஷூட்டிங்' சொற்பப் பணத்தில் உருவானது. இன்று அதைத் திரைப்படக் கல்லூரிகளில் பாடமாகப் பார்க்கிறார்கள். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 1964இல் தன் கௌபாய் படத்துக்காக ஸ்பெயினின் வறண்ட நிலத்துக்குப் போனதற்கும் செலவுக் கணக்கு ஒரு காரணம். நம் பக்கத்தில் காரும் இல்லை, கார்த் திரையும் இல்லை. அந்த இடத்தில் தமிழ்நாட்டில் டூரிங் கொட்டகை இருந்தது. இலங்கையில் 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின், கிடைத்த சில தமிழ்ப் படங்களே திரும்பத் திரும்ப ஓடின. திரும்பப் பார்க்கும் கண் கதையைச் சீக்கிரம் கடந்துவிடும். அதன்பின் அது அசைவைத்தான் பார்க்கும்.

அப்படிப் பார்க்கும் கண்ணுக்குக் கர்ணன் ஏமாற்றம் தரவில்லை. இயக்குநராவதற்கு முன் அவர் கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963), 'கை கொடுத்த தெய்வம்' (1964) ஆகிய குடும்பப் படங்களின் ஒளிப்பதிவாளர். முகத்துக்கு ஒளியூட்டிப் பழகிய அந்தக் கை, குதிரைப் படத்துக்கு வந்ததும் முகத்தை விட்டு முழு உடம்புக்கு நகர்ந்தது. கமரா தரைமட்டத்துக்கு இறங்குகிறது, குளம்புகள் அதன் மேலாகப் பாய்கின்றன. பாறைச் சரிவில் குதிரை இறங்கும்போது குதிரையும் ஆளும் சரிவும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. முகத்தை ஒரு துண்டு, காலை ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டினால் யாரையும் வீரனாக்கலாம். வெட்டாமல் காட்டினால், உடல் எடை எங்கே சாய்கிறது, கடிவாளம் எப்போது இறுகுகிறது, விழுபவர் எந்தத் தோளில் தரையைத் தொடுகிறார் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். இலங்கையின் கஹவத்தைப் பக்கத்து மலைகளில் கூடையோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பவருக்கும், விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையே பால் வெட்டப் போகிறவருக்கும் சரிவில் கால் ஊன்றுவது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காட்சிகளுக்கு அவர்களை விடத் தகுதியான நடுவர் இல்லை.

இதெல்லாம் லியோனியைப் பார்த்து அடித்த நகல் என்பார்கள். லியோனியே அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ'வை (1961) எடுத்தாண்டதற்காக ஜப்பானிய நிறுவனத்துடன் வழக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அசைவு அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் வளரும். ஒரு பந்துவீச்சாளர் இன்னொருவரிடம் கற்ற சுழற்சியை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஆபத்தான பாய்ச்சல்களை நாயகனா செய்தார்? பல இடங்களில் வேறொருவர் செய்திருப்பார், அதை மறுக்க முடியாது. ஆனால் அது படத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை, மதிப்பு யாருக்குச் சேர வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. ஜெய்சங்கரின் பங்கு வேறு. 'இரவும் பகலும்' (1965) மூலம் வந்து, வெள்ளிக்கிழமைதோறும் படம் வெளியாகும் அளவுக்கு உழைத்த அந்த நடிகர் அலட்டாமல் நிற்பார், அலட்டாமல் திரும்புவார். அந்த அடக்கத்தால்தான் சண்டைக் கலைஞரின் உடம்பு அவர் உடம்போடு பிசிறில்லாமல் பொருந்துகிறது. குதிரைகளின் கணக்கும் இருக்கிறது. காட்சி விலங்குகளைப் பதிவு செய்யும் விதிகள் இந்தியாவில் இந்த மூன்று படங்களுக்கும் பின்புதான் வந்தன. அதற்கு முன் விழுந்த விலங்குகளுக்கு அப்படியொரு காவல் இருக்கவில்லை. அந்தப் பாய்ச்சல்களை நான் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் விட்டுக்கொடுக்க முடியாத குறை ஒன்று உண்டு. ஆண்களை முழுதாகக் காட்டிய அதே கமரா, அருவியில் குளிக்கும் பெண்ணிடம் வந்ததும் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. கர்ணனின் 'ஜம்பு' (1980) வரும்போது அந்தப் பார்வையே படத்தின் விளம்பரமாகிவிட்டது. டிக்கெட் விற்க வேறு வழியில்லை, சின்னப் பட்ஜெட், என்று சமாதானம் சொல்வார்கள். இதை ஏற்க முடியாது. 'காலம் வெல்லும்' வந்த அதே 1970இல், அதே வகை மலிவுச் சந்தையில், தெலுங்கில் கே. எஸ். ஆர். தாஸ் 'ரவுடி ராணி'யை எடுத்தார். தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப்போய்ப் பழிவாங்கும் பெண்ணாக விஜயலலிதா. அடிப்பதும் துரத்துவதும் அவர்தான், சட்டகத்தின் நடுவில் நிற்பதும் அவர்தான். படம் ஓடியது. இரண்டாண்டில் இந்தியில் 'ராணி மேரா நாம்' என்று அதே விஜயலலிதாவை வைத்து மறுபடி எடுத்தார்கள். ஆக, பெண்ணை முழு ஆட்டக்காரராகக் காட்டவும் அந்தப் பணம் போதுமாயிருந்தது. கர்ணன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்னொரு கேள்வி நம் இலங்கை மண்ணிலிருந்து வரும். தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் 1975இல் தோட்ட மக்களின் வாழ்வை வைத்து 'புதிய காற்று' தந்தாரே, குறைந்த செலவுப் படத்தைப் போற்றுவதானால் அதையல்லவா போற்ற வேண்டும்? போற்றத்தான் வேண்டும், நம் வாழ்க்கையைச் சொன்ன படம் அது. ஆனால் உழைக்கும் மக்களுக்குத் தம் துயரக் கதை மட்டுமே போதும் என்று நினைப்பது அவர்களின் ரசனையைக் குறுக்குவது. நாள் முழுக்க உடம்பால் உழைப்பவர், இன்னொரு உடம்பு காற்றைக் கிழித்துப் பாய்வதைக் கண்டு கைதட்டினால், அந்தத் திறமையின் விலை தெரிந்தே தட்டுகிறார். அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு, குதிரையோடு சரிவில் உருண்ட சண்டைக் கலைஞர்களுக்கு உரியது. அவர்களின் பெயர்களைத் தேடி, எந்தப் பாய்ச்சல் யாருடையது என்று எழுதிவைக்கும் வேலை தமிழ் சினிமா வரலாற்றில் இன்னும் பாக்கி இருக்கிறது.