மொழி அறியாத ஆட்சி

இன்று மியான்மர் எனப்படும் பர்மாவை ஆளப் போன ஆங்கிலேய அதிகாரி பர்மிய மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். வரி வாங்கவும் வழக்கு விசாரிக்கவும் அந்த மொழி தேவைப்பட்டது. 2015 தொடக்கத்திலோ, மியான்மர் பதிவுகளைச் சரிபார்க்க ஃபேஸ்புக்கிடம் பர்மிய மொழி பேசுபவர்கள் இரண்டே பேர் இருந்ததாக ராய்ட்டர்ஸ் பின்னர் வெளிப்படுத்தியது. டிஜிட்டல் நிறுவனங்களின் விரிவாக்கத்தை ஏகாதிபத்தியம் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு நான் இங்கிருந்துதான் விடை தேடுகிறேன்.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். மியான்மரின் ராணுவ ஆட்சியில் ஒரு சிம் அட்டைக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் அது ஏறத்தாழ ஒன்றரை டாலராகக் குறைந்தது. பல பத்தாண்டுத் தணிக்கையில் வாயடைத்துக் கிடந்தவர்களுக்குச் செய்தித்தாள், சந்தை, திண்ணை எல்லாமே ஃபேஸ்புக்காயின. துப்பாக்கி முனையில் யாரும் அவர்களை அதில் சேர்க்கவில்லை. ஏகாதிபத்தியம் என்ற சொல் இந்த இடத்தில் பொருந்தாது.

பொருந்தும் இடம் வேறு. அங்கே பேச்சுக்கு விதி வகுத்தது ஃபேஸ்புக்கின் தலைமையகம் இருக்கும் கலிபோர்னியா. விளைவைச் சுமந்தது மியான்மரின் ராக்கைன் மாநிலம். அங்கு வாழ்ந்த ரோஹிங்கியா முஸ்லிம்கள் மீதான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பரவுவதை உள்ளூர்க்காரர்கள் பலமுறை எச்சரித்தார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்துக்குத் தப்பியோடினர். கொன்றதும் எரித்ததும் ராணுவம். அந்தப் பழியை ஒரு செயலியின் தலையில் போட்டுத் தளபதிகளைத் தப்பவிடக் கூடாது. ஆனால் 'கலா'க்களைக் கொல்லச் சொன்ன ஒரு பர்மியப் பதிவை, மியான்மரில் வானவில் இருக்கக் கூடாது என்பதாக ஃபேஸ்புக்கின் கருவி மொழிபெயர்த்தது. 'கலா' என்பது இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழித்துரைக்கும் சொல். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் முதியவர்களைக் கேட்டிருந்தால்கூடப் பொருள் சொல்லியிருப்பார்கள்.

வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று 2018 நவம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர்கள் சாம்பலாகியிருந்தன. பர்மிய மொழி அறிந்தவர்களை நிறைய நியமித்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டில்தான். பயனரைச் சேர்ப்பதில் இருந்த வேகம் பாதுகாப்பில் இல்லை. இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பர வருமானம் குறைந்த நாட்டின் மொழிக்குச் செலவழிக்க மனம் வராத கணக்கு இது. எடுப்பதை எண்ணி, கொடுப்பதை மறக்கும் காலனியக் கணக்கு.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது, எதிர்ப்பைத் திரட்ட மக்கள் நாடியதும் அதே ஃபேஸ்புக்கைத்தான். 4ஆம் தேதி ராணுவம் அதை முடக்க உத்தரவிட்டது. செய்தியும் கடையும் கூட்டமும் ஒரே நிறுவனத்தின் கூரைக்குள் குடியேறியிருந்ததால், ஒரே உத்தரவு மூன்றின் மீதும் விழுந்தது.