கடைக்காரரும் போதகரும்

அமெரிக்க வணிகரும் எழுத்தாளருமான கேரி வேனர்ச்சக்கைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் அவருடைய குரலிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சத்தம் பிடித்தவர்களுக்கு அவர் தீர்க்கதரிசி. பிடிக்காதவர்களுக்குக் கூவி விற்பவர். இரண்டும் ரசனை பற்றிய பேச்சு. திறனாய்வு கேட்க வேண்டியது வேறு: அவர் செய்துகாட்டியதும், அதைக் காட்டி ஊருக்குச் சொல்லும் பாடமும் பொருந்துகின்றனவா?

1975இல் சோவியத் பெலாரஸின் பாப்ரூய்ஸ்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1978இல் அமெரிக்கா வந்தவர். தந்தை சாஷா மதுக்கடையொன்றில் சரக்கடுக்கும் வேலையில் தொடங்கி, நியூ ஜெர்சியின் ஸ்பிரிங்ஃபீல்டில் சொந்தக் கடை வைக்கும் அளவுக்கு உயர்ந்தார். 14 வயதில் மகன் அங்கே மணிக்கு 2 டாலர் கூலிக்கு ஐஸ்கட்டியைப் பைகளில் நிரப்பினார். பேஸ்பால் அட்டை விற்ற சிறுவன் கதையெல்லாம் ரசிகர்களுக்கு. தந்தையின் கடை மட்டும் நமக்கு வேண்டும்.

கல்லூரி முடித்து 1998இல் கடைப் பொறுப்பை ஏற்றவர், அதற்கு 'வைன் லைப்ரரி' என்று பெயர் மாற்றி இணையத்துக்குக் கொண்டுபோனார். கூகுளின் தேடல் விளம்பரம் புதிதாக வந்தபோது 'ஒயின்' என்ற சொல்லைச் சொற்ப விலைக்கு வாங்கினார். சில ஆண்டுகளில் ஆண்டு விற்பனை 30 லட்சம் டாலரிலிருந்து 6 கோடி டாலரானது என்பது அவரே பலமுறை சொல்லும் கணக்கு. மக்களின் கவனம் எங்கே குவிகிறதோ, அதன் விலை இன்னும் ஏறாத நேரத்தில் அங்கே போய் நிற்பது: அவருடைய முறைமை இவ்வளவே. இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவ்வளவு விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர்கள் குறைவு.

அந்த முறைமை கலையாக உயர்ந்த இடம் ஒன்று உண்டு. 2006 பிப்ரவரியில் தொடங்கிய 'வைன் லைப்ரரி டிவி' என்ற இணையக் காணொளித் தொடர். ஒரு மேசை, ஒரு கேமரா, சில புட்டிகள், சுவைத்ததைத் துப்ப நியூயார்க் ஜெட்ஸ் அணியின் சின்னம் போட்ட ஒரு வாளி. விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் 100 புள்ளி அளவுகோல் ஆண்ட துறை ஒயின் விமர்சனம். பணக்கார வாசனையும் பிரெஞ்சு உச்சரிப்பும் இல்லாதவர் வாய் திறக்கத் தயங்கிய துறை. இவர் மிட்டாயையும் மண்ணையும் வியர்வை நாற்றத்தையும் ஒப்பிட்டுச் சுவையை விளக்கினார். புள்ளி முறையை விடவில்லை. அதைக் கையாளும் மொழியை மாற்றினார். தன் கடையில் விற்கும் சரக்கையே மட்டம் என்று கேமரா முன் சொன்னார். விற்பவரே விமர்சகராக இருப்பதில் நலமுரண் உண்டு. அதை மறைக்காமல் எல்லோர் கண்முன்னும் வைத்ததால் நம்பகம் பிறந்தது. 2011இல் முடியும்வரை ஆயிரம் பகுதிகள். பொருளறிவு, விற்பனை, ஆளுமை மூன்றும் பிசிறில்லாமல் ஒன்றிய சாதனை இது ஒன்றுதான்.

2009இல் தம்பி ஏ.ஜே.யுடன் தொடங்கிய வேனர்மீடியா, பெருநிறுவனங்களுக்குச் சமூக ஊடக வேலை செய்து ஆயிரம் ஊழியர்களைத் தாண்டி வளர்ந்தது. நிர்வாகச் சாதனையாக அதை மதிக்கலாம். ஆனால் விளம்பர வல்லுநர் ஓகில்வியின் பெயரோடு அவருடைய விளம்பரங்கள் நினைவுக்கு வரும்; வேனர்ச்சக்கின் பெயரோடு நினைவுக்கு வருவது வேனர்ச்சக் மட்டுமே.

நூல்களுக்கு வருவோம். 2009இல் வந்த 'கிரஷ் இட்!', விருப்பமானதைப் பிடி, இரவெல்லாம் உழை, இணையத்தில் பெயர் எடு என்றது. 2018இல் வந்த 'கிரஷிங் இட்!' அதைப் படித்து வென்றவர்களின் கதைகளைத் தொகுத்தது. குறை இங்கேதான் இருக்கிறது. அதே நூலைப் படித்து, அதேபோல் உழைத்து, தோற்றவர்கள் அந்தத் தொகுப்பில் இல்லை. வென்றவர்களை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் எந்த அறிவுரையும் மெய்யாகிவிடும். இடையில் 2013இல் வந்த 'ஜாப், ஜாப், ஜாப், ரைட் ஹூக்' வேறு தரம். நிறுவனங்கள் வெளியிட்ட பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படம் எப்படி, வாசகம் எப்படி, எந்தத் தளத்துக்கு எது பொருந்தாது என்று அறுத்துக் காட்டுகிறது. பேசப்படும் தளங்கள் சில பழசாகிவிட்டன. ஆய்வு முறை பழசாகவில்லை.

2021இல் வந்த 'வீஃபிரண்ட்ஸ்' என்.எஃப்.டி. (எண்மச் சேகரிப்புச் சொத்து) வெளியீட்டில் முரண் வெளிப்படையானது. இத்தகைய திட்டங்களில் மிகப் பெரும்பாலானவை பூஜ்யமாகும் என்று எச்சரித்தவரும் அவர். தன் கையால் வரைந்த உருவங்களை அதே சந்தையில் விற்றவரும் அவர். வாங்கியவர்களுக்குத் தன் மாநாட்டு அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தார் என்பது நியாயமான வாதம். ஆனால் கையில் புட்டியை வைத்துக்கொண்டு குறை சொன்ன பழைய கடைக்காரர், தன் புதிய சரக்கை அதே கண்டிப்போடு சுவைத்துப் பார்க்கவில்லை.

இனி தந்தையின் கடை. அதை அவர் மறைத்ததில்லை, நன்றியோடு சொல்கிறார். ஆனால் பாடத்தில் அது காணாமல் போகிறது. இருப்பில் சரக்கு, உரிமம், கடனுக்குத் தரும் மொத்த வியாபாரிகள், தவறினால் தாங்கும் கல்லா: இத்தனையும் இருந்த 22 வயதுக்காரரின் துணிச்சலை, இவற்றில் ஒன்றுமில்லாத 22 வயதுக்காரருக்கு அப்படியே எழுதிக்கொடுப்பது முறைமைப் பிழை. புலம்பெயர்ந்த ஒரு தலைமுறையின் சேமிப்பு, அடுத்த தலைமுறையின் மனவுறுதியாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

வேனர்ச்சக் முதல்தர வணிகர், ஒரு காலத்தில் முதல்தர விமர்சகரும்கூட. போதகராக இரண்டாம் தரம். ஒயின் காணொளிகளில் பத்தையும் 2013ஆம் ஆண்டு நூலையும் பார்த்தால் போதும். மற்றவற்றை வாசகர் தயங்காமல் விட்டுவிடலாம்.