பண்டமும் கைப்பக்குவமும்

மெக்ஸிகோ நாட்டுச் சமையலையும் இத்தாலி நாட்டுச் சமையலையும் ஒரே தட்டில் கலந்து பரிமாறும் வழக்கம் இக்காலத்து உணவகங்களில் பெருகி வருகிறது. பீட்ஸாவின் மேல் ஹலபேன்யோ மிளகாயை வட்டவட்டமாக அரிந்து போட்டுவிட்டு, அல்லது மக்காச்சோள டோர்ட்டியாவுக்குள் ஸ்பகெட்டியைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு தேசத்துப் பாகசாஸ்திரங்களையும் தாமே முதன்முதலில் சங்கமிக்கச் செய்ததாகச் சமையற்காரர் பெருமிதம் கொள்கிறார். அந்தப் பெருமிதத்துக்கு ஆதாரம் குறைவு என்பது என் அபிப்பிராயம். தக்காளி, மக்காச்சோளம், மிளகாய், கொக்கோ, பரங்கி, அவரை இனத்துப் பயறுகள் ஆகிய இவையெல்லாம் ஸ்பானியர் மெக்ஸிகோவிலும் அதை அடுத்த அமெரிக்க நிலங்களிலும் கண்டு வியந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. அவை இல்லாத இத்தாலியச் சமையலை இன்று கற்பனை செய்து பார்ப்பதும் சிரமம். பரங்கிப் பூவை ரோமாபுரியில் பாலாடைக்கட்டியும் நெத்திலியும் அடைத்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். மெக்ஸிகோவில் அதே பூவை எபாஸோத்தே என்னும் காரநெடிக் கீரையோடு வதக்கி டோர்ட்டியாவில் மடித்துச் சுடுகிறார்கள். ஆகவே கலப்பு என்பது நடந்து முடிந்து நானூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. ஆனால் அதில் ஒரு விசித்திரம் உண்டு: பண்டங்கள் கடலைக் கடந்தன, அவற்றைப் பக்குவப்படுத்திய கைகளின் வித்தையோ பெரும்பாலும் ஏறிய துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. எனவே இந்தக் கலப்புச் சமையல் எதையும் ருசிபார்க்க உட்காரும்போது, யாருடைய கைப்பக்குவம் யாருடைய அடுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதையே நான் முதலில் தேடுகிறேன்.

அவ்வாறு கைப்பக்குவமும் கூடவே பிரயாணம் செய்த அபூர்வ சந்தர்ப்பம் ஒன்று நேப்பிள்ஸில் காணக் கிடைக்கிறது. அந்நகரம் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்த காலத்தில், பிரபுக்களின் மாளிகை விருந்துகளை நிர்வகித்து வந்த அந்தோனியோ லத்தீனி என்பவர் ‘லோ ஸ்கால்கோ அல்லா மோதெர்னா’ என்னும் பெரிய பாகநூலை 1692-இல் வெளியிடத் தொடங்கினார். இத்தாலியில் அச்சேறிய தக்காளிச் சாறுகளில் ஆதியானது என்று கருதப்படும் குறிப்பு அதிலேதான் இருக்கிறது. பழுத்த தக்காளிகளைத் தணலில் இட்டுச் சுட்டு, தோலைப் பதமாக உரித்து, கத்தியால் பொடியாகக் கொத்தி, அதனுடன் வெங்காயமும் மிளகாயும் காட்டுத் தைம் தழையும் உப்பும் எண்ணெயும் காடியும் சேர்த்து, வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும்படி அவர் சொல்கிறார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘ஸ்பானியப் பாணித் தக்காளிச் சாறு’. பெயர் ஸ்பானியருடையதாக இருந்தாலும், எண்ணெயையும் காடியையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், மெக்ஸிகோவில் இன்றைக்கும் கோமால் என்னும் தட்டைச் சட்டியில் தக்காளியையும் மிளகாயையும் தோல் கருகச் சுட்டு, எரிமலைக் கல்லில் குடைந்த மூன்றுகால் உரலில் நசுக்கிச் செய்கிறார்களே, அந்தச் சால்ஸாவின் சாயல்தான் அதில் தெரிகிறது. அதைப் பாஸ்தாவோடு சேர்க்கும் யோசனை லத்தீனிக்குத் தோன்றவில்லை; அது பெருவழக்கானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்குள் இத்தாலியர் தணலைக் கைவிட்டார்கள். மிளகாயையும் தெற்கே கலாப்ரியா போன்ற பிரதேசங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மெல்லிய தீயில் நெடுநேரம் கொதித்துப் பாசில் இலையின் மணத்தை வாங்கிக்கொண்ட தக்காளிக்கு உள்ள சாந்தமான இனிமையை நான் குறைத்துப் பேசத் துணியமாட்டேன். இருந்தபோதிலும், கருகிய தோலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் புகையின் கசப்பும், அந்தக் கசப்பினால் எடுப்பாகத் தெரியும் புளிப்பும் லத்தீனியின் கையில் இருந்தன என்பதையும், பின்னால் வந்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள் என்பதையும் நினைக்கும்போது ஒரு நஷ்ட உணர்ச்சி எழத்தான் செய்கிறது.

தக்காளியில் நேர்ந்த நஷ்டம் நாவோடு போயிற்று. மக்காச்சோளத்தில் நேர்ந்ததோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெக்ஸிகோவின் பெண்கள் சோள மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் அதிலேயே ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கழுவித் தேய்ப்பார்கள். அப்போது மணியின் மேல்தோல் வழுவழுவென்று கழன்று வரும். தண்ணீர் மஞ்சளித்துப் போகும். ஈர மண்ணையும் மழையையும் நினைவூட்டும் ஒரு வாசனை கிளம்பும். நிஷ்தமால் என்னும் அந்தச் சோளத்தை மெதாத்தே எனப்படும் அம்மியில் அரைத்தால் கிடைப்பது மாசா என்னும் மாவு. சுண்ணாம்பு படாத சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டினால் அது விரிசல் விட்டு உதிரும். சுண்ணாம்பு பட்டதோ கைக்கு அடங்கி, மெல்லிய வட்டமாக விரிந்து, கல்லில் போட்டதும் உப்பி எழும்பும். இந்த முறை இத்தாலிக்குப் போகவில்லை. வட இத்தாலியின் குடியானவர்கள் அதற்கு முன் தினை, கஷ்கொட்டை முதலியவற்றில் கிண்டிவந்த பொலெந்தா என்னும் களியை, புதிய தானியத்தை நேரே அரைத்துக் கிண்டத் தொடங்கினார்கள். வேனெத்தோ, லொம்பார்தி பிரதேசங்களின் ஏழைகள் காலையும் மாலையும் அந்தக் களியைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாய் வாழ்ந்தபோது, தோல் சொரசொரத்து, வயிறு கெட்டு, சித்தமும் கலங்கச் செய்யும் ஒரு வியாதி அவர்களைப் பற்றியது. மிலான் வைத்தியர் பிரான்செஸ்கோ பிராபொல்லி 1771-இல் அதைப் ‘பெல்லாக்ரா’ என்ற பெயரால் விவரித்தார். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் சத்தைச் சுண்ணாம்புதான் அவிழ்த்துவிடுகிறது என்ற ரகசியம் இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. மெக்ஸிகோவின் அடுப்படியில் அந்த ரகசியம் பெயரில்லாமலே பல்லாயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது. பாகசாஸ்திரத்தில் அற்பமாகத் தோன்றும் ஒரு பிரயோகத்தை அலட்சியம் செய்தால் அதன் பலன் எதுவரை போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை.

அந்த அரைகல் மட்டும் ஓரிடத்தில் கடலைத் தாண்டியிருக்கிறது. ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சிசிலித் தீவில், மோதிக்கா என்னும் ஊரில், மெதாத்தேயை ஒத்த வளைந்த கல்லில் கொக்கோவை அரைத்துச் சாக்லேட் செய்யும் சம்பிரதாயம் நிலைபெற்றது. அதிக சூடு காட்டாமல் செய்வதால் சர்க்கரை கரையாமல் மணல்போல் பல்லில் நறநறக்கும். நாகரிகச் சாக்லேட்டின் வழுக்கலுக்குப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அதே ஊரில் அரைத்த மாட்டிறைச்சியையும் பாதாமையும் சாக்லேட்டையும் இலவங்கப்பட்டை கிராம்போடு கலந்து பிறைவடிவப் பணியாரமாகச் சுடுகிறார்கள். மெக்ஸிகோவின் புவெப்லா நகரத்து மோலே என்னும் குழம்பில் ஆஞ்சோ, முலாத்தோ, பஸீயா ஆகிய உலர்ந்த மிளகாய்களோடு எள்ளும் பாதாமும் திராட்சையும் பட்டையும் கிராம்பும் சாக்லேட்டும் கூடி வான்கோழி இறைச்சிக்குக் கருஞ்சிவப்புப் போர்வையாகும் விதத்தை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிசிலிப் பணியாரம் அந்நியமாகப் படாது.

எதிர்த்திசைப் பிரயாணத்துக்கு வருவோம். கோதுமையையும் மெல்லிய சேமியாவையும் ஸ்பானியர் மெக்ஸிகோவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே அந்தச் சேமியா ‘பிதேயோ ஸேக்கோ’ என்னும் சிருஷ்டியாக மாறிற்று. இத்தாலியர் எவருடைய கையும் படாமலே விளைந்த இதைத்தான், பாஸ்தாவும் மெக்ஸிகோவும் சந்தித்த இடங்களில் எல்லாவற்றிலும் சிறந்ததென்று நான் சொல்வேன். இத்தாலியில் பாஸ்தாவை நிறையக் கொதிநீரில் வேகவைத்து, நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் வடித்துவிடுவார்கள். மெக்ஸிகோவின் சமையற்காரி அந்தக் கூடுகூடான சேமியாவை முதலில் எண்ணெயில் இட்டுத் திருப்பித் திருப்பி வறுக்கிறாள். சேமியா உப்புமா கிண்டிப் பழகிய நம் வீட்டாருக்கு அந்த வறுவலின் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் பொன்னிறத்தோடு நில்லாமல், முந்திரித் தோலின் பழுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். அதற்குமேல் ஒரு கணம் தாமதித்தாலும் கசந்துவிடும். அதற்குள், கோமாலில் சுட்ட தக்காளியும் பூண்டும் வெங்காயமும், புகையில் உலர்த்திய ஹலபேன்யோவாகிய சிபோத்லே மிளகாயும் அரைபட்டு வடிகட்டித் தயாராக இருக்கும். அதைச் சேமியாவின் மேல் கொட்டியவுடன் சளாரென்று சீறி, நிறம் இருண்டு, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும். பின்பு சிறிது இறைச்சிச் சாறு ஊற்றி, தீயை அடக்கி மூடிவிட வேண்டியதுதான். சாறு முழுவதும் உள்ளே போய்விடும். அடியிலும் ஓரத்திலும் சில இழைகள் மொறுமொறுப்பாகவே மிஞ்சும். அந்த இழைகளுக்காக வீட்டில் போட்டி இருக்கும். மேலே புளித்த பாலேடும் உதிர்த்த வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வெண்ணெய்ப் பழத் துண்டுகளும் வைத்துப் பரிமாறுகிறார்கள். பாஸ்தா குழைந்துவிட்டதே என்று இத்தாலியர் ஒருவர் வருந்தக்கூடும்; கடிபடும் பதம் என்ற ஒரே அளவுகோலை எல்லா நாட்டு அடுப்புக்கும் நீட்டுவது நியாயமல்ல.

ஸீஸர் சாலட் என்று உலகமெங்கும் பரவிய பச்சடியும் இந்தச் சந்திப்பில் பிறந்ததே. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது, எல்லையைத் தாண்டி மெக்ஸிகோவின் திஹுவானா நகருக்குக் கூட்டம் கூட்டமாக வந்த தாகமெடுத்தவர்களை நம்பி உணவகம் நடத்தியவர் இத்தாலியரான ஸீஸர் கார்தீனி. 1924-இல் அவர் இதைப் படைத்ததாகப் பிரசித்தமான கதை. படைத்தவர் யார் என்பதில் அவருடைய குடும்பத்துக்குள்ளேயே உரிமைப் பேச்சுகள் உண்டு. அந்த வழக்கில் நான் நுழையப்போவதில்லை. சிறுமியாக அங்கே போய் அதைச் சாப்பிட்ட அமெரிக்கச் சமையல் நூலாசிரியை ஜூலியா சைல்ட், பிற்காலத்தில் தம் நூலில் அந்த அனுபவத்தை ஆசையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். விருந்தினர் கண்ணெதிரே முட்டையை உடைத்துக் கலக்கி, கீரையை நறுக்காமல் முழு இலையாகவே பரிமாற, அதைக் கையால் எடுத்துத் தின்றார்கள். இன்று நறுக்கிய கீரையின் மேல் புட்டியிலிருந்து கெட்டியான வெள்ளைக் குழம்பைக் கவிழ்க்கிறவர்கள் பெயரை மட்டும் திருடிக்கொண்டவர்கள்.

வேனெத்தோவிலிருந்து குடியானவர்கள் சிலர் 1882-இல் புவெப்லாவுக்கு வந்து சிப்பீலோ என்னும் ஊரை நிறுவினார்கள். இன்றும் அவர்கள் சந்ததியார் தங்கள் பழைய வேனெத்தோ மொழியைப் பேசிக்கொண்டு, பசு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து பெயர் பெற்றிருக்கிறார்கள். பொலெந்தா தின்ற மக்கள் நிஷ்தமால் நாட்டுக்கே வந்து சேர்ந்தது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

இக்காலத்துக் கலப்பில் எனக்குள்ள முக்கியமான குறை, இரண்டு நாட்டின் கொழுப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து, இரண்டு நாட்டின் புளிப்பையும் கசப்பையும் வெளியே நிறுத்திவிடுகிறார்கள் என்பதே. உருகிய பாலாடைக்கட்டியின் கீழ் எல்லா நாடும் ஒரே நாடாகிவிடும். இதற்கு நேர்மாறான விவேகத்தை மெக்ஸிகோ நகரத்தில் சமையற்கலைஞர் எலெனா ரெய்காதாஸ் காட்டியிருக்கிறார். லண்டனில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பயின்று திரும்பி, 2010-இல் ரோமா வட்டாரத்துப் பழைய மாளிகை ஒன்றில் ரோஸெத்தா என்னும் உணவகத்தைத் தொடங்கிய அவர், இத்தாலியச் சாயலில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகத் தம் நாட்டு மண்ணின் பக்கம் நகர்ந்தார். பரங்கி விதையில் அரைக்கும் பிப்பியான் என்னும் பழைய குழம்பைப் பிஸ்தாவில் அரைத்து, பண்டிகைகளில் மோலேயோடு உண்ணும் ரொமெரீத்தோ கீரையைச் சேர்த்து, டோர்ட்டியாவுக்குப் பதிலாகச் சுருக்க இலைக் கோஸில் மடித்து அவர் தரும் டாக்கோ பிரபலமானது. பிஸ்தாவைக் கண்டதும் சிசிலி நினைவுக்கு வரும். ஆனால் அரைத்த கை மெக்ஸிகோவின் கை. ரசிகனுக்கு அதில் கிடைக்கும் ஆச்சரியம் அலங்காரத்தால் வருவதல்ல.

மாசா மாவைக் கொண்டு நியோக்கி என்னும் இத்தாலியக் கொழுக்கட்டைகளை உருட்டும் சமையற்காரர்களும் இப்போது தோன்றியிருக்கிறார்கள். அது சரியான இடத்தில் தொடங்கும் முயற்சி. கோதுமையின் பசை மாசாவில் கிடையாது. சுண்ணாம்பு தந்த ஒட்டுந்தன்மையை நம்பி, கொஞ்சம் ரிகோத்தாவும் முட்டையும் துணைக்குச் சேர்த்து, பலமாகப் பிசையாமல் உருட்ட வேண்டும். கொதிநீரில் மிதந்து எழுந்தவுடன் எடுத்து, பழுப்பேறக் காய்ச்சிய வெண்ணெயில் எபாஸோத்தே இலைகளைப் பொரித்து அதிலே புரட்டினால் போதும். தக்காளிச் சாறு அங்கே அதிகப்படி. மேலே தூவப் பர்மெஜானோவையும் மெக்ஸிகோவின் கொத்திஹாவையும் சேர்த்தே துருவுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. உப்பிலும் மூப்பிலும் நிகரான இரண்டு பாலாடைக்கட்டிகள் ஒரே தட்டில் குரலை உயர்த்தினால் மாசாவின் சுண்ணாம்பு வாசனை அடங்கிப்போகும். என்னைக் கேட்டால் கொத்திஹா மட்டும், அதுவும் விரல் நுனியால் எடுக்கும் அளவு.