கலம்பகக் காது

நேற்று ராத்திரி கரண்ட் போனதும் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் கேட்டவை இவை. முதலில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அது அடங்கியதும் கொல்லங்குடி கருப்பாயி. அதற்குப் பிறகு பாக் எழுதிய தனி வயலின். பத்து வருடத்துக்கு முந்தி என்றால் கருப்பாயியைத் தவிர்த்திருப்பேன். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தி என்றால் தோடியையே.

இதை நிலையில்லாத ரசனை என்று சிநேகிதர்கள் சொல்வதுண்டு. ஏலாக்குறிச்சியில் வளர்ந்த காது வேறு எப்படி இருக்கும்? எங்கள் ஊர் அடைக்கல அன்னைக்கு வீரமாமுனிவர் பாடி வைத்ததே ஒரு கலம்பகம்தான், திருக்காவலூர்க் கலம்பகம். கலம்பகம் என்ற வடிவத்துக்குக் கலப்பே இலக்கணம். அம்மானை ஆடுகிறவர்கள், ஊசல் ஆடுகிறவர்கள், சித்து பேசுகிறவன், கள் குடித்துக் களிக்கிறவன், பெண் கேட்டு வந்த தூதனை விரட்டும் மறவன், கடற்கரையில் தனியே இரங்குகிறவள் என்று ஆள் மாற மாறப் பாவும் ஓசையும் மாறும். ஒரு சந்தம் காதில் குடியேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். கடவுளுக்குப் பாடினால் 100 பாட்டு வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன.

பாடியவரின் காதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. அவர் 1680இல் இத்தாலியில் பிறந்தார். விவால்டி அவருக்கு இரண்டு வயது மூத்தவர், பாக் ஐந்து வயது இளையவர். அந்தத் தலைமுறையில் பிறந்தவர் முப்பது வயதளவில் தமிழ்நாட்டுக்கு வந்து, எதுகையும் மோனையும் பழகி, தேம்பாவணியில் 3615 விருத்தங்கள் பாடுகிறார். இலக்கணத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் விருத்தத்தின் நடை, எந்த இடத்தில் சீர் நீள வேண்டும் என்கிற உணர்வு, பிறர் பாடக் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். வளர்ந்து முடிந்த காது மறுபடி வளரும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

எங்கள் ஊரின் இருப்பிடமும் கலப்புதான். மேற்கே போனால் திருமழபாடி. அந்தத் தலத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகத்துக்கு நட்டராகம் என்று பண் குறித்திருக்கிறது, ஓதுவார்கள் இன்று பந்துவராளியில் பாடுகிறார்கள். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குத் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் வரும்போது நாகசுரம் கேட்க வேண்டும். கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் அந்தத் திருவையாறு. தியாகராஜர் அங்கே மறைந்தது 1847இல், வீரமாமுனிவர் மறைந்து ஏறக்குறைய 100 வருடம் கழித்து.

இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். கேசட்டாக வாங்கியபோது அது எனக்குப் பிடிபடவில்லை. பாட்டு எப்போது வரும், யார் பாடப்போகிறார்கள் என்றே காத்திருந்தேன். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று. பாக்கின் மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி ராஜா வேறு தந்திகளை எழுதியிருக்கிறார். வயலின் வி.எஸ். நரசிம்மன். அந்த வயலின் மூச்சு வாங்காமல் ஓடும். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தின் முதுகில் ஏறிக்கொண்டு போகும்.

பல வருடம் கழித்து ஒரு தை மாதத்துத் தியாகராஜ ஆராதனையில், காவிரிக்கரை மணலில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் கேட்டேன். நாட்டையில் எல்லாரும் சேர்ந்து சுரத்தைப் பாடி, அதே ஓட்டத்தில் சாகித்தியத்தையும் பாடிக்கொண்டு போனபோது, பழைய கேசட் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து எடுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் அந்த வயலினைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு சில வருடம் கர்நாடக சங்கீதம் தவிர எதையும் கேட்கவில்லை. சுருதி கொஞ்சம் விலகினாலும் முகம் சுளித்தேன். கிராமத்துப் பாட்டு எனக்கு வெறும் சத்தமாக இருந்தது. அப்பாயி இறந்த ராத்திரி அதுவும் உடைந்தது.

ஒப்பாரி வைக்கத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூச்சு தீர்ந்து குரலைக் கீழே இறக்கும் இடத்தில் இன்னொருத்தி மேலே எடுத்தாள். இழுப்பு அறுபடவே இல்லை. தம்பூரா இல்லாமல் விடிய விடிய ஒரே சுருதியில் நின்றார்கள். வரிகளை அந்தந்த நிமிடத்தில் கட்டினார்கள், அப்பாயி வெற்றிலை இடிக்கும் சத்தம் வரைக்கும் அதில் வந்தது. வித்வான்கள் முகாரியில் தேடுவதை அந்தப் பெண்கள் கையோடு வைத்திருந்தார்கள். அதற்கடுத்த தவக்காலத்தில் எங்கள் கோயிலில் புலம்பல் பாடியபோதும் அதே இழுப்பு காதில் விழுந்தது. பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிப்பதில்லை. மணியோசை இல்லாத அந்த அமைதியில் ஒரு மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே வந்து கேட்டால்தான் தெரியும்.

இப்போது என் மகளின் முறை. அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ ராப் ஆல்பம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு முதலில் அதில் மெட்டே தட்டுப்படவில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரே இயர்போனை அவள் ஒரு காதிலும் நான் ஒரு காதிலும் மாட்டிக்கொண்டு போனோம். கீழப்பழுவூரில் ஏறிய கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றபடி, சொல்லை விட்டுவிட்டு எதுகை விழும் இடத்தை மட்டும் விரலால் தொடையில் தட்டிக்கொண்டு வந்தேன். அடி நடுவில் விழ வேண்டிய எதுகையைத் தள்ளி வைத்து, நாம் எதிர்பார்த்து ஏமாந்த பிறகு கொண்டுவந்து சேர்க்கிறார் அறிவு. திருமானூர்ப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஒரு இடத்தில் என் விரல் சரியாக விழுந்தது. கீழே கொள்ளிடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது.

“முதல்லேருந்து வைம்மா” என்றேன்.