‘சேர்’ என்னும் விளி: கல்முனைக் கரையோரப் பாடசாலைகளை முன்வைத்துச் சில கருத்துகள்

தமிழில் பிறமொழிச் சொற்கலப்பைக் கண்டிப்போர், மாணவர் ஆசிரியரைச் ‘சேர்’ என விளிப்பதைத் தவறாது சான்று காட்டுவர். ‘ஐயா’ என்னும் தமிழ்ச்சொல் இருக்க இஃது எதற்கு என வினவுவர். சொல்லின் பிறப்பை ஆராயும் இவர்கள், அச்சொல்லை யார் யாரை நோக்கிச் சொல்கின்றனர் என்பதை ஆராய்வதில்லை. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் பாடசாலை வழக்கை நோக்கின் இவ்வாதத்தின் குறை புலப்படும். (இவ்வூர்களிற் ‘பள்ளி’ எனின் பள்ளிவாசலே முதலில் நினைவுக்கு வருமாதலின் ‘பாடசாலை’ என்றே எழுதுகின்றோம்.)

ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்ததும் மாணவர் எழுந்து ‘அஸ்ஸலாமு அலைக்கும் சேர்’ என்பர். அயலூராகிய காரைதீவில் அது ‘வணக்கம் சேர்’ ஆகும். வாழ்த்து வேறுபட, விளி ஒன்றாகவே நிற்கின்றது. ஸலாம் இருவழிப்பட்டது, சொன்னவர் சிறுவரேயாயினும் அதற்குப் பதிலுரைத்தல் கடமை. ‘சேர்’ ஒருவழிப்பட்டது, மறுதலையாக ஆசிரியரிடமிருந்து வருவது பெயர், அல்லது ‘நீ’, பரிவு மிக்க வேளையில் ‘மகன்’, ‘மகள்’. பிரௌன், கில்மன் ஆகிய இருவரும் 1960இல் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து அதிகாரம், ஒருமைப்பாடு என இரு கூறுகளைப் பிரித்துக் காட்டினர். அவ்விரண்டும் இங்கு ஒரே மூச்சில் ஒலிக்கின்றன.

‘ஐயா’ இங்கு நிலைகொள்ளாமைக்குக் காரணம் உண்டு. சிங்கள அயலவரிடத்து அவ்வொலி தமையனைக் குறிக்கும். தமிழ் அயலவரிடத்து மூத்தோரைச் சுட்டும். முஸ்லிம் பிள்ளைக்கோ மூத்தோரை அழைக்க வாப்பா, மாமா, காக்கா என வேறு சொற்கள் உள. இவ்வுறவுப் பெயர்களே சிக்கலுக்கும் காரணமாகின்றன. மணமான ஆண் மனைவியின் இல்லம் சேர்ந்து வாழும் தாய்வழிக் குடிமரபுடைய இவ்வூர்களில் தாயின் உடன்பிறந்தாள் பெரும்பாலும் அடுத்த வளவிலேயே இருப்பாள். அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலை 1940களில் தோன்றியபின் ஊரவரே ஆசிரியராயினர். வீட்டில் ‘மாமா’வாக இருப்பவரை வகுப்பில் எவ்வாறு அழைப்பது? உறவும் குடியும் அறியாத ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘சேர்’ அவ்விடத்தை நிரப்பியது எனக் கருதுகின்றோம். மார்க்கக் கல்வி தருவோர்க்குரிய லெவ்வை, மௌலவி, ஹஸ்ரத் என்னும் பெயர்களிலிருந்தும் அது விலகி நின்றது. அந்நியமாயிருந்தமையே அதன் தகுதியாயிற்று.

இதனால் அச்சொல்லிற் குறையே இல்லை என்பதன்று எமது கருத்து. ஆண் ஆசிரியருக்குக் கிடைப்பது மதிப்புப் பெயர்; பெண்ணுக்குக் கிடைப்பதோ ‘டீச்சர்’ என்னும் தொழிற்பெயர். கேரளத்திற் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இருபாலாரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்குமாறு பணித்தது. நோக்கம் நன்றே. ஆயினும் எமது கரையோரத்தில் ‘டீச்சர்’ என்பது பெண்பாற் பெயராகவே உறைந்துவிட்டமையால், ஓர் ஆணை மட்டும் அதனைப் பொதுப்பாலாக்கிவிடும் என நாம் நம்பவில்லை.

இதனினும் ஆழமான குறை வேறொன்றுண்டு. தொல்காப்பியர் விளிமரபுக்குத் தனி இயலே வகுத்தார். ‘கூத்தர்’ விளியிற் ‘கூத்தீர்’ ஆகும். ‘சேர்’ அவ்வாறு திரிவதில்லை. விளியாக மட்டுமன்றி முன்னிலைப் பெயரின் இடத்தையும் அது கொள்கின்றது. ‘சேர் சொன்னீங்க’ என்புழி வினைமுற்று முன்னிலையில் நிற்க, ‘நீங்கள்’ மறைந்துவிடுகின்றது. மாணவர் ஆசிரியரை நேர்நின்று ‘நீங்கள்’ என்பது அரிது. ஆகவே கரும்பலகையிற் பிழை ஒன்றைக் காணும் மாணவிக்கு, ‘நீங்கள் எழுதியது பிழை’ என்னும் வாக்கியம் வாய்க்கு வருவதில்லை. அவள் சொல்வது, ‘விளங்கல்ல சேர்.’ பிழை ஆசிரியருடையது. விளங்காமை தன்னுடையது என அவள் ஏற்றுக்கொள்கின்றாள். சில ஆசிரியர் அக்குறிப்பை உணர்ந்து திரும்பிப் பலகையைப் பார்ப்பர். வேறு சிலர் அதே பிழையை இன்னும் உரத்த குரலில் மீண்டும் விளக்குவர்.