பல்வண்ணம் என்னும் ஒரு சொல் போதுமா?

ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்க முற்படுவோர் ஏதேனும் ஓரிடத்தில் இடறவே செய்வர். நான் இடறிய இடம் நிறத்தைக் குறிக்கும் ஒரு சிறு சொல். ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் எழுதிய ‘பைட் பியூட்டி’ என்னும் கவிதையைச் சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்த்து, நண்பர்கள் கூடிய இலக்கிய வட்டத்தில் படித்தேன். தலைப்பைப் ‘பல்வண்ண எழில்’ என்று அமைத்திருந்தேன். வானத்துக்கு உவமையாக வரும் பசுவையும் ‘பல்வண்ணப் பசு’ என்றே எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் உழவர் குடியில் பிறந்த பெரியவர் ஒருவர், “அந்தப் பசுவுக்கு எத்தனை நிறம், தம்பி?” என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்தது. எனக்கோ விடை தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஹாப்கின்ஸ் (1844–1889) இயேசு சபைத் துறவி. வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த 1877-ஆம் ஆண்டுக் கோடையில் இக்கவிதையை இயற்றினார். அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், 1918-இல், நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் வெளியிட்ட தொகுதியின் வாயிலாகவே அது உலகறிந்தது. பத்தரை அடிகளே கொண்ட சிறு பாடல். ஆனால் நிறக் கலப்பைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் எத்துணை நுட்பமானவை என்பதை அறிய விரும்புவோர்க்கு அதனினும் சிறந்த பாடநூல் இல்லை எனலாம்.

தலைப்பிலுள்ள ‘பைட்’ என்னும் சொல்லையே முதலிற் காண்போம். இது ‘மேக்பை’ என்னும் பறவையின் பெயரடியாகப் பிறந்தது. அப்பறவையின் உடலில் கருமையும் வெண்மையும் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே ‘பைட்’ என்பது பல நிறம் அன்று. இரண்டொரு நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் அருகருகே நிற்கும் நிலை. நம் நாட்டு நீர்நிலைகளில் காணும் ‘பைட் கிங்பிஷர்’ என்னும் மீன்கொத்தி கருப்பும் வெள்ளையுமே உடையது. ராபர்ட் பிரௌனிங் 1842-இல் பாடிய ஹாமலின் நகரத்துக் குழலூதியின் மேலங்கியும் பாதி மஞ்சள், பாதி சிவப்பு, இரண்டே நிறம்.

‘டாப்பிள்ட்’ என்பது வேறு. மரத்தடியில் இலைகளின் ஊடே வெயில் விழும்போது ஒளியும் நிழலும் வட்ட வட்டமாய்ச் சிதறிக் கிடக்குமன்றோ, அந்த நிலை அது. சாம்பல் நிறக் குதிரையின் முதுகில் தோன்றும் மங்கிய வட்டங்களுக்கும் அச்சொல்லே வழங்கும். ‘பிரிண்டில்ட்’ என்பதோ பழுப்பு நிறத்தின்மேல் கருங்கோடுகள் ஓடுவது. ஹாப்கின்ஸ் தம் பசுவுக்கு இச்சொல்லின் பழைய வடிவத்தையே ஆள்கிறார். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் சூனியக்காரியர் குறிப்பிடும் பூனைக்கும் அவ்வடிவமே அடைமொழி. குதிரை வளர்ப்போர் இன்னும் நுட்பமாகச் செல்வர். கருப்பு வெள்ளைத் திட்டுடையது ‘பைபால்ட்’. வெள்ளையோடு கருப்பல்லாத பிறிதொரு நிறம் சேர்ந்தது ‘ஸ்க்யூபால்ட்’. அவ்வளவு பகுப்பும் தொழுவத்திலும் வயல்வெளியிலும் பிறந்தது. புலவர் அவையில் பிறந்ததன்று.

துணியங்காடியிற் பிறந்த சொற்களும் உள. பூனைக்கு வழங்கும் ‘டேபி’ என்னும் சொல், பாக்தாத் நகரத்து அத்தாபி என்னும் பகுதியில் நெய்த அலைவரிப் பட்டின் பெயர். ‘காலிகோ’ நம் கோழிக்கோட்டின் பெயர். அச்சிட்ட பருத்தித் துணிக்கு ஆகி, அமெரிக்காவில் மூவண்ணப் பூனைக்கும் ஆயிற்று. ‘சின்ட்ஸ்’ என்பது புள்ளியையும் தெளிப்பையும் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அவ்வண்ணத் துணிகளின்மேல் ஆங்கில மக்கள் கொண்ட மோகம் உள்நாட்டு நெசவைக் கெடுக்கின்றது என்று அஞ்சி, அந்நாட்டுப் பாராளுமன்றம் 1700-இல் அவற்றின் இறக்குமதிக்கும், 1721-இல் அவற்றை உடுத்துவதற்கும் தடைச் சட்டம் இயற்றியது. பிற்காலத்தில் அப்பெயரடியாகவே, மலிவானது, பகட்டானது என்னும் பொருளில் ஓர் இகழ்ச்சிச் சொல்லும் பிறந்தது.

இவ்விகழ்ச்சி தற்செயலானதன்று. பல நிறத்தை ஆங்கிலம் இயற்கையிடத்தே போற்றுகின்றது, மனிதனிடத்தே ஐயுறுகின்றது. ‘மாட்லி’ என்பது பலநிற நூல் கலந்த துணி. அது அரண்மனைக் கோமாளியின் உடையாயிற்று. இன்று ஒரு கூட்டத்துக்கு அவ்வடை கொடுத்தால், ஒவ்வாதோர் கூடிய கும்பல் என்பதே பொருள். கட்டம் போட்ட வாழ்க்கை என்றால் களங்கமுற்ற வாழ்க்கை. ‘கலர்புல்’ என்று ஒருவரைச் சொன்னால் அதில் பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. 1820-இல் வெளிவந்த ‘லாமியா’ என்னும் காவியத்தில் கீட்ஸ் நிறங்களை வாரி இறைத்ததும் ஒரு பாம்பின் உடலின்மேல்தான். விவிலியத்தில் யோசேப்பு அணிந்த பலவருண அங்கி உடன்பிறந்தாரின் பொறாமையை மூட்டியது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியம் அதனைப் பல நிற அங்கி என்றே கூறியது. எபிரேய மூலச் சொல்லின் பொருள் ஐயத்துக்குரியது. 1952-இல் வெளிவந்த திருத்திய பதிப்பொன்று நீண்ட கையுடைய அங்கி என்று மாற்றிற்று. ஆங்கில இலக்கியத்தில் மிகுபுகழ் பெற்ற பல நிறப் பொருள் ஒருவேளை பல நிறமே உடையதாய் இராமலும் போகலாம்!

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஹாப்கின்ஸ் செய்தது என்ன என்பது விளங்கும். கோமாளியின் உடைக்கும் ஊரார் ஏளனத்துக்கும் உரியவாய் இருந்த தொழுவத்துச் சொற்களை எடுத்து, அவற்றால் இறைவனை வாழ்த்தினார். ‘வேரியகேட்டட்’ என்னும் இலத்தீன் வழிச் சொல்லும், வானவில்லின் தெய்வமாகிய ஐரிஸின் பெயரால் அமைந்த ‘ஐரிடெசென்ட்’ என்னும் சொல்லும் அவர் காலத்தில் இருந்தன. அவற்றை அவர் நாடவில்லை. அவை எப்பொருளுக்கும் பொருந்துவன. ஆகவே எப்பொருளையும் கண்முன் நிறுத்தாதன. மீனின் மேனியிலுள்ள புள்ளி, குருவியின் சிறகு, உழுதும் தரிசாய் விட்டும் கிடக்கும் நிலத்தின் கட்டங்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்ட பின்னரே, இவையனைத்தையும் ஈன்றவன் மட்டும் மாறாதவன் என்று முடிக்கிறார். பன்மையில் ஒருமை என்னும் தொடரை மேடைதோறும் கேட்டுப் பழகிய நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. பன்மையை ஒவ்வொன்றாகக் கண்டறியாதவன் பேசும் ஒருமை வெறும் ஒலியே.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இக்கவிதையில் உழுத நிலம் உண்டு; தொழிலாளரின் கருவிகள் உண்டு; தொழிலாளர் இல்லர். பசுவுக்கும் மீனுக்கும் அளித்த புள்ளியின் பெருமையை மனிதருக்குக் கவிஞர் வெளிப்படையாக அளித்தாரல்லர். மனிதரின் பல நிறத்தை ஐயுறும் பழைய ஆங்கில வழக்கம் அவரையும் முற்றாக விட்டு நீங்கவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, பெரியவரின் வினாவுக்கு வருவோம். அப்பசுவுக்கு நிறம் இரண்டு: பழுப்பும் அதன்மேல் ஓடும் கருமையும். இதனைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? யானை முகத்துப் புள்ளிக்குப் ‘புகர்’ என்றும், சிறகிலும் தோகையிலும் உள்ள புள்ளிக்குப் ‘பொறி’ என்றும், புலியின் கோட்டுக்கு ‘வரி’ என்றும், பாம்பின் படப்பொறிக்குத் ‘துத்தி’ என்றும் பெயரிட்டு வழங்கிய மொழி இது. முல்லைக்கலி ஏறுகளை நிறத்தாலும் மறுவாலும் பிரித்துக் காட்டுகிறது. முக்கூடற்பள்ளில் ‘செம்மறையன்’ என்று ஒரு மாட்டின் பெயர் வருகிறது. ‘மறை’ என்பது மாட்டின் மேனியில் உள்ள திட்டு. ‘பைபால்ட்’ என்பதற்கு அகராதியைப் புரட்டிய நான், மாட்டுச் சந்தையில் வழங்கும் அச்சொல்லை எண்ணிப் பார்க்கவில்லை. சொல் இல்லாமையால் வந்ததன்று என் பிழை. பொருளைக் காணாமல் சொல்லைத் தேடியமையால் வந்தது.

ஆயினும் பழஞ்சொல் கிடைத்ததும் இடர் தீர்ந்தது என்று கொள்ளலாகாது. தலைப்புக்கு ‘மறையெழில்’ என்றால் மறைந்த எழில் என்றும், வேதத்தின் எழில் என்றும் பொருள்படும். ‘புகரெழில்’ என்றால் இன்றைய வாசகர்க்கு உரை வேண்டியிருக்கும். எளிய சொல்லால் இறைவனைப் பாடிய கவிஞரை அரிய சொல்லால் பெயர்ப்பது அவருக்குச் செய்யும் நன்றியாகாது.

அண்மையில் என் மொழிபெயர்ப்பைத் திருத்தினேன். மீனுக்குப் ‘பொறி’ என்றும், பசுவுக்கு ‘வரிப்பசு’ என்றும் எழுதியிருக்கிறேன். தலைப்பு மட்டும் இன்னும் அமையவில்லை. அதனை வெற்றிடமாகவே விட்டு வைத்திருக்கிறேன். ‘பல்வண்ணம்’ என்று எழுதி நிரப்ப இப்போது மனம் ஒப்பவில்லை.