தன் வாயைத் தானே அடைக்கும் வைரஸ்

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, எச்.ஐ.வி. இந்தியாவிலும் புகுந்துவிட்டதென்று ருசுவான நாள்தொட்டு, அந்த வைரஸ் எவ்வாறு பெருகுகிறது என்பதைப் பற்றி நாம் கேட்டது ஏராளம். அது எவ்வாறு பெருகாமல் இருக்கிறது என்பதைப் பற்றிக் கேட்டதோ சொற்பம். வைத்திய சாஸ்திரம் திகைத்து நிற்பது இந்த இரண்டாவது குணத்தின் முன்னால்தான். 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்துகள் இரத்தத்தில் வைரஸைச் சோதனைக்குச் சிக்காத அளவுக்கு ஒடுக்கினாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே அது மீண்டும் தலைதூக்கிவிடுகிறது.

ஏனெனில், தன் மரபுச் செய்தியை நம் குரோமோசோமிலேயே எழுதிவைத்துவிட்டு, ஓய்ந்திருக்கும் சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்றில் அது மௌனமாக வசிக்கிறது. இந்த இருப்பு பாதியாகக் குறைவதற்கே 44 மாதங்கள் ஆகுமென்று சிலிசியானோவின் குழுவினர் 1999இல் கணக்கிட்டனர். முற்றும் தீர ஓர் ஆயுள் போதாது.

உயிரணு ஓய்ந்தால் வைரஸும் ஓயும் என்பது பழைய விளக்கம். அதற்கு மேல், வைரஸின் ஜீன்களை முடுக்கிவிடும் டாட் என்ற புரதம் தற்செயலாகக் குறைந்துபோனால் மௌனம் நேர்கிறதென்று 2005இல் வைன்பர்கர் முதலியோர் காட்டினர். அப்படியானால், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் சி வகை, பி வகைக்கு இரண்டாக உள்ள, ஜீன்களைத் தூண்டும் என்.எஃப்.கப்பா-பி தளங்களை மூன்றாகப் பெற்றுப் பலத்த விசையோடு இயங்குவதால், எளிதில் உறங்கக்கூடாதல்லவா? பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தின் உதயகுமார் ரங்காவும் மாணவர்களும் 2020இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் விரோதமானது: விசை பலக்கப் பலக்க உறக்கமும் விரைந்து வந்தது, மிகுந்து சுரந்த டாட்டே அந்த மௌனத்துக்கும் காரணமாயிருக்கக்கூடும் என்பது அவர்கள் துணிபு.

பழவேற்காட்டுக் குப்பங்களில் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயம் தோன்றாது. ஏரிக்கு உப்புநீரையும் இறாலையும் கொண்டுவரும் அதே கடல்தான், கோடையில் மணலைக் குவித்து முகத்துவாரத்தைத் தூர்த்து, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் ஆரணியாறு வந்து உடைக்கும்வரை வலைக்குப் பாடில்லாமல் செய்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்டது மனித சரீரத்திலும் அப்படியே பலிக்குமென்று நான் சாதிக்க மாட்டேன். ஆயினும் எச்.டி.எல்.வி.-1 என்னும் மற்றொரு ரெட்ரோவைரஸும் பி30 என்ற தன் புரதத்தைக் கொண்டே தன் பெருக்கத்துக்கு வேண்டிய டாக்ஸ், ரெக்ஸ் ஆகிய புரதங்களுக்கான செய்தியை உட்கருவில் சிறைவைக்கிறதென்று 2004இல் வெளியானதை நோக்கும்போது, இதைத் தனிப்பட்ட விசித்திரமென்று ஒதுக்கவும் மனம் துணியவில்லை.

சிகிச்சையைத் தேடுவோர் இன்று இரு கட்சி. உறங்குவதை எழுப்பிக் கொல்ல விரும்பியவர்கள் 2012இல் வோரினோஸ்டாட் மருந்தால் எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்தது, ஆனால் பின்வந்த சோதனைகளிலும் இருப்பு குறையவில்லை. மறுகட்சியைச் சேர்ந்த சுசானா வாலென்டே, கடற்பஞ்சில் கிடைத்த கார்டிஸ்டாட்டினின் சாயலில் செய்த மருந்தால் டாட்டை முடக்கி, உறக்கத்தை நிரந்தரமாக்க முயல்கிறார். சி வகையில் கதவைச் சாத்துவதும் டாட்தான் என்று தேறுமானால், அதை முடக்குவது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதை நம் நாட்டு நோயாளிகளின் உயிரணுக்களில் முதலில் பார்த்தாக வேண்டும்.